ராணுவ எட்ஜ் கணினிக்கு பிராசஸர் தேர்வு: முதல்முறை இறங்குபவர்களுக்கான வழிகாட்டி

வெப்ப அறைக்குள் 55 டிகிரி. பெட்டியை வைத்துக் கதவைச் சாத்திய முதல் அரை மணி நேரம் எல்லாம் சரியாகவே ஓடியது. நாற்பதாவது நிமிடத்தில் வினாடிக்கு 30 ஃப்ரேம் என்பது 11 ஆக இறங்கியது. ஒரு மணி நேரம் ஆவதற்குள் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிட்டது. எங்கள் அலுவலக மேசையில் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய அதே பெட்டி.

கோவையில் நாங்கள் நான்கு பேர் செய்துகொண்டிருந்தது எல்லைக் காவல் நிலைக்கான ஒரு கண்காணிப்புப் பெட்டி. ஒரு பகல் கேமரா, ஒரு வெப்பக் கேமரா. வீடியோவைத் தலைமையகத்துக்கு அனுப்பும் அளவுக்கு அங்கே இணைப்பு கிடையாது. ஆகவே வந்தது ஆளா, வண்டியா, விலங்கா என்று பெட்டியே அந்த இடத்தில் கண்டுபிடித்து, சில நூறு பைட் தகவலை மட்டும் ரேடியோவில் அனுப்ப வேண்டும். ராணுவத்தில் எட்ஜ் கணினி என்பதன் பெரும்பகுதி இந்த மாதிரி வேலைதான்.

அன்று அணைந்த பெட்டியால் எங்களுக்கு ஏழு மாதம் போனது. வேகமான சிப்பை முதலில் வாங்கிவிட்டு மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப வளைக்கப் பார்த்தோம். வரிசை அதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. முதலில் இடத்தை எழுதுங்கள்

சிப் நிறுவனங்களின் பக்கங்களை எல்லாம் மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். பெட்டி எங்கே இருக்கும்? ராஜஸ்தான் பாலைவனத்தில் வெயிலிலா, லடாக்கில் பனியிலா, வண்டிக்குள்ளா, ஆள் முதுகிலா, ட்ரோனிலா? ஒவ்வொன்றுக்கும் வெப்பம், குளிர், உயரம், அதிர்வு, மின்சாரம் என்று ஐந்து வரி எழுதுங்கள்.

அடுத்து, பயன்படுத்தப் போகிறவரிடம் பேசுங்கள். வேலூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரிடம் எங்கள் மாதிரியைக் காட்டினோம். வினாடிக்கு 30 ஃப்ரேம் என்று பெருமையாகச் சொன்னதும் அவர் கேட்டார்: "தம்பி, அவ்வளவு வேகத்த வச்சு நாங்க என்ன பண்ணப் போறோம்? வந்தது ஆளா ஆடான்னு தப்பில்லாமச் சொன்னா போதும். ராத்திரி பூரா அணையாம இருக்கணும்." தொலைவில் நடந்து வரும் மனிதனைப் பின்தொடர வினாடிக்கு 8 அல்லது 10 ஃப்ரேமே தாராளம். அந்த ஒரு பேச்சில் எங்கள் கணக்கீட்டுச் சுமை மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. எந்தச் சிப்பை மாற்றியும் அவ்வளவு மிச்சம் பிடித்திருக்க முடியாது.

2. பெட்டி எத்தனை வாட்டை வெளியே தள்ளும்?

இதுதான் முழுத் தேர்வையும் தீர்மானிக்கும் எண். இதைப் போடாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

மணலும் மழையும் புகாத மூடிய பெட்டிக்குள் ஃபேன் வைத்தால் உள்ளே இருக்கும் சூட்டையே சுற்றிச் சுற்றி அடிக்கும். வெளியே ஃபேன் வைத்தால் தூசியில் முதலில் சாவது அதுதான். ஆகவே சூடு பெட்டியின் உடல் வழியாகவே போக வேண்டும். 20 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம், 8 உயரம் கொண்ட பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த வெளிப்பரப்பு சுமார் 0.116 சதுர மீட்டர். காற்று அசையாத இடத்தில், ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 9 வாட் வெளியே விடும் என்று வைக்கலாம். வெளியே 55 டிகிரி, பெட்டியின் தோல் 75 டிகிரி வரை போகலாம் என்றால் வித்தியாசம் 20. மூன்றையும் பெருக்குங்கள்: 21 வாட். அவ்வளவுதான். மேலே சூடு விடும் துடுப்புப் பட்டைகள் செதுக்கினால் இதை ஏறத்தாழ இரட்டிப்பாக்கலாம், எடையும் கூடும்.

நாங்கள் கவனிக்காமல் விட்டது வெயிலை. அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-810 சோதனை முறையில் சூரியக் கதிர்வீச்சின் உச்சம் ஒரு சதுர மீட்டருக்கு 1,120 வாட். அந்தப் பெட்டியின் மேல்மூடி மட்டும் 0.03 சதுர மீட்டர். அதன் மேல் விழுவது 33 வாட்டுக்கும் மேல். அடர்ந்த ஆலிவ் பச்சைப் பூச்சு அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். உங்கள் பிராசஸர் உமிழும் அளவுக்குச் சூரியனும் உள்ளே ஊற்றுகிறது என்று அர்த்தம். மேலே ஒரு விரல் இடைவெளி விட்டு ஒரு தகட்டு நிழல்கூரை வைத்தால் இந்தச் சுமை வெகுவாகக் குறையும். சில நூறு ரூபாய்த் தகடு. அதை முதல் வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள். பெட்டியை வார்த்த பிறகு துளை போடப் போனால் நீர்ப்புகாச் சோதனையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

மலைக்குப் போகிறது என்றால் குளிர்தானே, சூட்டுப் பிரச்சினை இல்லை என்று தோன்றும். சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். காற்று மெலிந்தால் அது எடுத்துச்செல்லும் சூடும் குறையும். ஃபேனை நம்பிய வடிவமைப்பு அங்கே இன்னும் மோசமாக அடிபடும். குளிரிலும் வேறொரு சிக்கல் உண்டு: மைனஸ் 30 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி நன்றாகவே ஓடும், அணைத்து இரவு முழுக்கக் கிடந்த பெட்டி காலையில் கிளம்பாது. ஆகவே சோதனையில் 'குளிரில் ஓடுகிறதா' என்பதோடு 'குளிரில் கிடந்து எழுகிறதா' என்றும் பாருங்கள்.

இந்தக் கணக்கின் முடிவில் உங்கள் கையில் ஒரு எண் இருக்கும். எங்களுக்கு அது 28 வாட். அது பிராசஸருக்கு மட்டும் உரிய 28 அல்ல, முழுப் பெட்டிக்கும் சேர்த்து. பிராசஸரும் நினைவகமும் சேர்ந்த சிறு பலகையான மாட்யூலை வாங்கி 15 வாட் நிலையில் வைத்தோம். அதைத் தாங்கும் கேரியர் போர்டு, எஸ்எஸ்டி, இரண்டு கேமராக்கள், ரேடியோ, மின்னழுத்தத்தை மாற்றுவதில் வரும் இழப்பு எல்லாம் சேர்த்து அளந்தபோது 31 வாட் வந்தது. பிராசஸரின் பங்கு பாதிதான். மீதிப் பாதியை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

3. மின்சாரம் எங்கிருந்து?

பேட்டரி என்றால் வாட்டை நேரடியாக எடையாகப் பாருங்கள். 30 வாட் பெட்டி ஆறு மணி நேரம் ஓட 180 வாட்-மணி வேண்டும். ஒரு கிலோவுக்கு 150 வாட்-மணி தரும் லித்தியம் பேக் என்றால் 1.2 கிலோ. பெட்டியை 15 வாட்டுக்குக் கொண்டுவந்தால் 600 கிராம். முதுகில் சுமப்பவருக்கு அந்த வித்தியாசம் பெரிது. உறைகுளிரில் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு நன்றாகக் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி என்றால் 28 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ராணுவ வண்டிகளின் மின்சாரத்துக்கான மில்-எஸ்டிடி-1275 படி, என்ஜினைக் கிளப்பும் நொடியில் மின்னழுத்தம் 12 வோல்ட் வரை விழலாம், எழுச்சி 100 வோல்ட் வரை போகலாம். இதைத் தாங்கும் மின்வழங்கிப் பகுதியை நீங்களே வடிவமைக்காதீர்கள். தரச்சான்று உள்ள மாட்யூலையும் வடிகட்டியையும் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் மற்றக் கருவிகளுக்கு இடைஞ்சல் தருகிறதா என்று பார்க்கும் மின்காந்தச் சோதனையில் முதலில் தோற்பதும் இந்தப் பகுதிதான்.

4. டாப்ஸ் எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

வினாடிக்கு இத்தனை லட்சம் கோடி கணக்கீடுகள் என்று சொல்லும் டாப்ஸ் எண்தான் எல்லா விளம்பரத்திலும் முதல் வரி. என்விடியா ஜெட்சன் ஏஜிஎக்ஸ் ஓரின் 64 ஜிபி மாட்யூலுக்கு 275 டாப்ஸ் என்று போட்டிருக்கும். அது 8 பிட் எண்களில், ஆளை அடையாளம் காணும் ஏஐ மாடலான நரம்பு வலையின் எடைகளில் (அதன் உள் எண்களில்) பாதியைப் பூஜ்யமாக்கும் தந்திரத்தோடு, கிராபிக்ஸ் பகுதியையும் தனி முடுக்கிகளையும் சேர்த்து, உச்ச மின் நிலையில் வரும் எண். உங்கள் மாடல் அப்படிச் செதுக்கப்படவில்லை என்றால் பாதியை முதலிலேயே கழித்துவிடுங்கள். மின்வரம்பை 15 வாட்டில் வைத்தால் இன்னும் கீழே வரும்.

அதற்குப் பதில் நீங்கள் அளக்க வேண்டியது ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை ஜூல் என்பதை. முழுப் பெட்டியின் சராசரி வாட்டை வினாடிக்கான ஃப்ரேம் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைத்துவிடும். உங்கள் மாடலை, உங்கள் கேமராப் படத்தில், சூடான பெட்டிக்குள், குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட்டி அளங்கள். மேசையில் ஐந்து நிமிடம் ஓட்டிய அளவுக்கு மதிப்பில்லை.

குறைந்த வேகத்தில் ஓட்டுவது ஏன் லாபம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிப்பில் செலவாகும் மின்திறன் கடிகார வேகத்தோடு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடும். வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். மிச்சம் இரண்டு பக்கமும் வரும். ஆகவே சிறிய சிப்பை மூச்சு முட்ட ஓட்டுவதைவிட, ஒரு படி பெரிய சிப்பை நிதானமாக ஓட்டுவது பல நேரம் சிக்கனம். எங்கள் இறுதித் தேர்வு அப்படித்தான் அமைந்தது.

இன்னொன்று: இரவில் பெரும்பாலான நேரம் எதுவும் நடக்காது. ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலர் அசைவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க, பெரிய பிராசஸரை உறக்க நிலையில் வையுங்கள். அசைவு தெரிந்ததும் எழுப்பினால் போதும். எழுந்து வேலை தொடங்க எத்தனை நொடி ஆகிறது என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். முழுதாக அணைத்துக் கிளப்பினால் அரை நிமிடம் போய்விடும். அதற்குள் ஆள் நிழலுக்குள் மறைந்துவிடுவான்.

5. இப்போது சிப்பைப் பாருங்கள்

வாட் எண்ணும் வேலையின் அளவும் கையில் வந்தபின் பட்டியல் தானாகவே சுருங்கும்.

முழுப் பெட்டிக்கும் 10 வாட்டுக்குள் முடிக்க வேண்டும் என்றால் என்எக்ஸ்பி நிறுவனத்தின் ஐ.எம்எக்ஸ் 8எம் பிளஸ் போன்ற சிப். உள்ளேயே 2.3 டாப்ஸ் நரம்புவலைப் பகுதி இருக்கிறது. அது போதவில்லை என்றால் பக்கத்தில் ஹைலோ-8 முடுக்கியைச் சேர்க்கலாம்: 26 டாப்ஸ், வழக்கமான செலவு 2.5 வாட் என்று நிறுவனம் சொல்கிறது. உங்கள் மாடலில் உள்ள எல்லா அடுக்குகளும் அதன் கம்பைலரில் மொழிபெயர்க்கப்படுகின்றனவா என்று பார்த்த பிறகே ஆர்டர் கொடுங்கள். மொழிபெயர்க்க முடியாத ஒரு அடுக்கு சிபியுவுக்குத் திரும்பினாலும் வேகம் படுத்துவிடும்.

அடுத்த படி ஜெட்சன் ஓரின் நானோ, ஓரின் என்எக்ஸ். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஓரின் நானோவில் வீடியோவைச் சுருக்கும் வன்பொருள் கிடையாது. வீடியோவைப் பதிவு செய்யவோ அனுப்பவோ வேண்டும் என்றால் அந்த வேலை சிபியு மேல் விழும். நீங்கள் மிச்சம் பிடித்த வாட் அங்கே போய்விடும். ஓரின் என்எக்ஸில் அது இருக்கிறது. விலைப்பட்டியலில் இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டுமே லேப்டாப் ரேம் போல ஸ்லாட்டில் செருகும் வகை. வண்டி அதிர்வுக்குத் திருகும் தாங்கியும் வைத்து இறுக்க வேண்டும்.

சூடும் அதிர்வும் கடுமை, வாட்டும் இருக்கிறது என்றால் ஏஜிஎக்ஸ் ஓரின் இண்டஸ்ட்ரியல். 15 முதல் 75 வாட், மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை, பிழை திருத்தும் இசிசி நினைவகம் உண்டு. உயரம் கூடக் கூட விண்கதிர்களால் நினைவகத்தில் பிட் புரளும் வாய்ப்பும் கூடும். மலையிலும் வானிலும் இசிசி இல்லாமல் போகாதீர்கள். நாங்கள் முதலில் அதைத் தவிர்த்தோம். பதினோராவது நாள் காரணமே தெரியாமல் ஒரு பெட்டி தொங்கியது. அது இசிசி இல்லாததால்தான் என்று இன்றுவரை நிரூபிக்க முடியவில்லை. ஆனால் இருந்திருந்தால் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்திருக்கும்.

பழைய விண்டோஸ் மென்பொருள் ஓட வேண்டும் என்று பயனாளர் சொன்னால் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் உள்ள எக்ஸ்86 வகைப் பிராசஸர் தவிர வழியில்லை. இன்டெல் ஆட்டம் எக்ஸ்6000இ வரிசையில் தொழிற்தர வெப்பவீச்சு உள்ள மாடல்கள் இருக்கின்றன. கட்டளை வண்டிக்குள் ரேக்கில் சர்வர் மாதிரி வேண்டும் என்றால் ஜியான் டி வரிசை. அவை போர்டிலேயே பற்றவைத்து வருபவை, ஆகவே அதிர்வுக்கு நல்லது.

ரேடார், ரேடியோ சிக்னல் போல நேரம் துல்லியமாக இருக்க வேண்டிய வேலைக்கு எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே எழுதி அமைக்கும் வகை) கலந்த சிப்கள்: ஏஎம்டியின் ஸிங்க் அல்ட்ராஸ்கேல் பிளஸ், மைக்ரோசிப்பின் போலார்ஃபயர் எஸ்ஓசி. பிந்தையது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் அமைந்த கருக்கள் கொண்டது, மின்செலவில் மிகவும் சிக்கனம். ஆனால் எஃப்பிஜிஏ எழுதத் தெரிந்த ஆள் உங்கள் குழுவில் இல்லையென்றால் இந்தப் பக்கம் வராதீர்கள். சிப் விலையில் மிச்சம் பிடித்ததைப் போல பல மடங்கு சம்பளத்தில் போகும்.

நம் நாட்டுச் சிப்பையே போட முடியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஐஐடி மெட்ராஸின் சக்தி, மத்திய அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் வேகா இரண்டும் ரிஸ்க்-ஃபைவ் வழி வந்தவை. வீடியோவைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு இவற்றை வைக்க முடியாது. ஆனால் மேலே சொன்ன அசைவுக் காவலன், மின்சாரக் கண்காணிப்பு, வெப்பநிலைப் பதிவு போன்ற துணை வேலைக்குச் சி-டாக்கின் ஏரீஸ் போர்டில் தொடங்கிப் பார்க்கலாம். பெரிய பிராசஸரை எழுப்பவும் அணைக்கவும் அதிகாரம் உள்ள அந்தச் சிறு சிப் நம்முடையதாக இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எதை எடுத்தாலும் டெவலப்பர் கிட்டை வைத்து இறுதிப் பொருள் செய்யாதீர்கள். 249 டாலர் என்று அறிவிக்கப்பட்ட ஓரின் நானோ சூப்பர் கிட், படிக்கவும் முயன்று பார்க்கவும் அருமையானது. உற்பத்திக்கு உரிய மாட்யூல் வேறு. உத்தரவாதம், வெப்பவீச்சு, ஆயுள் எல்லாம் அதற்குத்தான்.

6. 'மிலிட்டரி கிரேடு' என்ற சொல்லும் ஏற்றுமதிக் கட்டுப்பாடும்

வணிகத் தரம் பூஜ்யம் முதல் 70 டிகிரி, தொழிற்தரம் மைனஸ் 40 முதல் 85, ராணுவத் தரம் மைனஸ் 55 முதல் 125. ராணுவ வேலை, ஆகவே ராணுவத் தரம் என்று மனம் போகும். நாங்களும் போனோம்.

அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 3ஏ001.ஏ.2 என்று ஒரு பிரிவு உண்டு. மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை முழு வீச்சுக்கும் தரம் குறிக்கப்பட்ட மைக்ரோபிராசஸர்களும் எஃப்பிஜிஏக்களும் அதற்குள் வருகின்றன. வெப்பவீச்சு ஒன்றே போதும், கட்டுப்பாட்டுக்குள் இழுக்க. இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ், இறுதிப் பயனாளர் விவரம், உரிமம் வேண்டுமா என்ற ஆய்வு என்று வரிசையாக வரும். எங்கள் விநியோகஸ்தருக்குத் தாள் அனுப்பி, அவர்கள் கேட்ட திருத்தங்கள் செய்து, மறுபடி அனுப்பி, பதினான்கு வாரம் போனது. கடைசியில் அந்தப் பாகமே எங்களுக்குத் தேவையில்லை என்று தெரிந்தது. மூடிய பெட்டிக்குள் நல்ல வெப்பப் பாதை இருந்தால் தொழிற்தரமே தரைவழிப் பயன்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும்.

விலை கேட்கும் முதல் மின்னஞ்சலிலேயே இவற்றைக் கேளுங்கள்: பாகத்தின் ஏற்றுமதி வகைப்பாட்டு எண், உற்பத்தி நாடு, இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் வேண்டுமா, அதன் மாதிரிப் படிவம். பதில் எழுத்தில் வரட்டும். இறுதிப் பயன்பாடு ராணுவம் என்பதை மறைத்து 'தொழிற்சாலை ஆட்டோமேஷன்' என்று எழுதச் சொல்லும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். பொய்யான இறுதிப் பயன்பாட்டு அறிவிப்பு குற்றம். அதோடு அந்த நிறுவனம் உங்களுக்கு மறுபடி ஒரு சிப்கூட விற்காது.

முடிந்த பெட்டியை நீங்கள் வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால் நம் பக்கத்திலும் ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டிய பொருட்களின் ஸ்கோமெட் பட்டியல் இருக்கிறது. கண்காட்சிக்கு எடுத்துப் போவதற்கும் அது பொருந்தலாம். டிக்கெட் போடும் முன் பாருங்கள்.

7. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் மாட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள்

ஐஇசி என்ற இறக்குமதியாளர் எண்ணும், அந்நியச் செலாவணி வங்கிக்கான ஏடி கோடைச் சுங்கத்தில் பதிவதும் முதலில் முடியட்டும். ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியைச் சரக்கு வரும் நாளில் கட்டப் பணம் இருக்க வேண்டும். பின்னால் வரவு எடுக்கலாம் என்றாலும் சிறிய நிறுவனத்துக்கு அந்த இடைவெளி வலிக்கும்.

முதல் பொறி: ஆகஸ்ட் 2023 அறிவிப்பின்படி சுங்கப் பட்டியலின் 8471 தலைப்பில் வரும் லேப்டாப், சர்வர், மிகச்சிறிய கணினி ஆகியவற்றுக்கு இறக்குமதி அனுமதி வேண்டும். தயாராக உள்ள சிறு பெட்டிக் கணினியை ஒப்பிட்டுப் பார்க்க வரவழைத்தால் இதில் மாட்டும். ஆராய்ச்சி, சோதனை, மேம்பாட்டுக்காக ஒரு சரக்கில் 20 வரை விலக்கு கொடுத்திருக்கிறார்கள்; நோக்கத்தை எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் கூடவே போகட்டும். விதி மாறிக்கொண்டே இருப்பதால் ஆர்டர் போடும் வாரத்தில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் (டிஜிஎஃப்டி) அறிவிப்பை ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது: வைஃபை கார்டு உள்ள கிட்டுக்குத் ரேடியோ அலைக் கருவிகளுக்கான, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி ஒப்புதல் கேட்பார்கள். எங்கள் கிட் இதனால் ஐந்து வாரம் கிடங்கில் கிடந்தது, வாடகையும் கட்டினோம். வைஃபை இல்லாத மாட்யூலை வாங்குங்கள். ராணுவப் பெட்டியில் எப்படியும் வைஃபையைக் கழற்றத்தானே போகிறீர்கள்.

8. உள்நாட்டுப் பங்கும் பாகங்களின் பூர்வீகமும்

பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை 2020-இன் படி, இந்தியாவில் வடிவமைத்து உருவாக்கித் தயாரித்தது என்ற ஐடிடிஎம் பிரிவுக்கு உள்நாட்டு மதிப்பு 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பிராசஸர் வெளிநாட்டுச் சரக்காகத்தான் இருக்கும்; அது தடை இல்லை. ஆனால் மாட்யூல், கேரியர் போர்டு, பெட்டி, கேமரா என எல்லாவற்றையும் வாங்கி ஒட்டினால் கணக்கு உதைக்கும். கேரியர் போர்டை நீங்களே வடிவமைத்து இங்கேயே அடியுங்கள். பெங்களூரிலும் சென்னையிலும் நல்ல போர்டு அசெம்பிளி கூடங்கள் இருக்கின்றன. பெட்டி கடைய கோவையைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது. சொந்தக் கேரியர் போர்டால் தேவையில்லாத சிப்களை நீக்கி எங்களுக்கு 4 வாட் குறைந்தது.

பாகப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் தயாரிப்பாளர், உற்பத்தி நாடு, வாங்கிய இடம், சான்றிதழ் எண் என நான்கு பத்திகளை முதல் நாளிலிருந்தே நிரப்புங்கள். நில எல்லை பகிரும் நாடுகளின் பாகங்களைப் பற்றிக் கடுமையாகவே கேட்கிறார்கள், குறிப்பாகத் தகவல் தொடர்பும் நினைவகமும் உள்ள இடங்களில். கடைசி வாரத்தில் ஒரு கேமரா சென்சாரின் பூர்வீகத்தைத் தேடி ஓடிய அனுபவம் எங்களுக்கு உண்டு. பிராசஸரை விட்டுவிட்டு ஒரு சிறிய ஈத்தர்நெட் சிப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்குங்கள். சந்தையில் 'ஸ்டாக் இருக்கு, நாளைக்கே தருகிறேன்' என்று வரும் சரக்கில் பழைய போர்டிலிருந்து கழற்றி, மேலே எழுத்தை அழித்து மறுபடி அச்சிட்டவை கலந்திருக்கும்.

9. பத்து வருடம் கழித்தும் கிடைக்குமா?

ராணுவம் ஒரு பொருளை எடுத்தால் பத்து, பதினைந்து வருடம் பராமரிக்கும். செல்போன் சிப் சந்தையில் சில வருடம்தான் கிடைக்கும். என்எக்ஸ்பி போன்ற நிறுவனங்கள் நீண்டகால விநியோகத் திட்டத்தில் சில சிப்களுக்குப் பத்து, சிலவற்றுக்குப் பதினைந்து ஆண்டு என்று வெளிப்படையாகப் போடுகின்றன, ஐ.எம்எக்ஸ் 8எம் பிளஸ் பதினைந்து ஆண்டுப் பட்டியலில் இருக்கிறது. மற்ற நிறுவனங்களிடமும் மாட்யூலின் இறுதி விநியோகத் தேதியைக் கேட்டு வாங்குங்கள். மாற்ற அறிவிப்பு மின்னஞ்சலுக்குப் பதிவு செய்யுங்கள். எங்களுக்கு ஒருமுறை மாட்யூலில் நினைவகச் சிப்பை மாற்றிவிட்டார்கள், அறிவிப்பு ஸ்பேமில் கிடந்தது. புதிய தொகுதி பழைய மென்பொருளில் கிளம்பவே இல்லை.

10. பூட்டுகளை எப்போது போடுவது

பெட்டி எதிரி கையில் சிக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பான துவக்கம் (நாம் கையெழுத்திட்ட மென்பொருள் மட்டுமே கிளம்புவது), வட்டு மறையாக்கம், பிழை தேடச் சிப்புக்குள் நுழையும் டீபக் (debug) போர்ட்டை மூடுவது, ஒரே பொத்தானில் மறையாக்கச் சாவியை அழிப்பது ஆகிய நான்கும் வேண்டும். சிப் இவற்றை வன்பொருளிலேயே தருகிறதா என்று தேர்வின்போதே பாருங்கள். பாதுகாப்பான துவக்கத்துக்கு சிப்புக்குள் ஃப்யூஸ் எரிக்க வேண்டும்; எரித்தால் திரும்ப முடியாது. சாவியை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தி, ஒரு உதிரி போர்டில் முழுதாகச் செய்து பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றைத் தொடுங்கள். ஒரு மதியத்தில் மூன்று மாட்யூல்களை நாங்கள் இழந்தோம்.

இணையம் இல்லாமல் எல்லாம் நிறுவ முடிகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். உரிமத்தை ஆன்லைனில் சரிபார்க்கும் எந்த மென்பொருளும் எல்லையில் கிளம்பாது.

11. சோதனை, பணம், நாள்காட்டி

நம் முப்படைகளின் மின்னணுப் பொருட்களுக்கு ஜேஎஸ்எஸ் 55555 சுற்றுச்சூழல் சோதனை, மின்காந்தத்துக்கு மில்-எஸ்டிடி-461. எந்தப் பதிப்பு, எந்தச் சோதனை, எந்தக் கடுமை நிலை என்று பயனாளரிடம் எழுத்தில் வாங்கிச் சோதனைத் திட்டத்தில் கையெழுத்துப் பெறாமல் ஆய்வகத்துக்குப் போகாதீர்கள். எங்கள் முதல் சுற்றுச் சோதனை தவறான கடுமை நிலையில் நடந்ததால் முழுக் கட்டணமும் வீண்.

சென்னையில் மத்திய அரசின் சமீர் ஆய்வு மையத்தில் மின்காந்தச் சோதனை வசதி இருக்கிறது. நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே பெட்டி தயாராவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். முழுச் சோதனைக்குப் போகும் முன் ஒரு தனியார் கூடத்தில் அரை நாள் முன்சோதனை செய்யுங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் மூன்று முறை போய் வந்தோம். ஒவ்வொரு முறையும் குற்றவாளி கேபிளும் கனெக்டரும்தான்.

பணக் கணக்கில் புதியவர்கள் தவறுவது இங்கேதான். எங்கள் பெட்டியில் பிராசஸர் மாட்யூல் மொத்தப் பாகச் செலவில் கால்வாசியைத் தாண்டவில்லை. ராணுவ வட்டக் கனெக்டர்கள், மின்வழங்கி, கடைந்த அலுமினியப் பெட்டி, சோதனைக் கட்டணம் இவையே பெரும்பகுதி. பாதுகாப்பு அமைச்சகத்தின் புத்தாக்கத் திட்டமான ஐடெக்ஸ் வழியாக வருகிறீர்கள் என்றால் வழக்கமான சவாலுக்கு மானியம் 1.5 கோடி வரை. அதற்கு ஈடாக உங்கள் பங்கும் போட வேண்டும், பணம் கட்டம் கட்டமாக வரும். கட்டம் முடிந்து பணம் கணக்கில் வருவதற்குள் அடுத்த கட்டப் பாகங்களுக்கு ஆர்டர் கொடுத்தாக வேண்டிய நிலை வரும். குறைந்தது நான்கு மாதச் சம்பளத்தைத் தனியாக ஒதுக்கி வைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் இரண்டாம் சுற்று ஓடிய நாள்காட்டி இது: இடமும் வாட் கணக்கும் மூன்று வாரம். மூன்று கிட்களில் அளவீடு ஐந்து வாரம். தாள்களும் மாட்யூல் வருகையும் பதினொரு வாரம். இந்த நேரத்திலேயே கேரியர் போர்டும் பெட்டியும். சேர்த்து ஓட்டிப் பார்க்க ஆறு வாரம். சோதனைகள் ஒன்பது வாரம். மாட்யூலுக்கு ஆர்டர் கொடுக்கும் அன்றே, தேவையானதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு உதிரியும் சேர்த்து, ஒரே தொகுதியிலிருந்து அனுப்பும்படி எழுதிக் கேளுங்கள். வந்ததும் ஒவ்வொன்றையும் 55 டிகிரியில் ஒரு இரவு ஓட்டிவிட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரியில் வையுங்கள்.